பாவித்த இயந்திரம்

தையற்கலையின் அரிச்சுவடியையும் அறியாத ஒருவர் பாவித்த தையல் இயந்திரமொன்றை விலைக்கு வாங்கலாமா? சில வாரங்களாக நாம் இவ்வினாவோடு திரிகின்றோம். சில்லறை வினாதான், ஆயினும் இழுக்க இழுக்க நூல் நீண்டுகொண்டே வருகின்றது.

ஆசை பிறந்த இடம் வகுப்பறை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசு சீருடைத் துணியை இலவசமாக வழங்குகின்றது, தையற்கூலியை வழங்குவதில்லை. புதுத்துணி வீட்டில் மடித்தபடி கிடக்க, தமையனின் பழஞ்சட்டையோடு வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றோம். தைக்கப் பழகினால் இவர்களுக்கு நாமே தைத்துக் கொடுக்கலாமே என்று எண்ணினோம். புதிய மின்னியந்திரம் வாங்க ஆசிரியச் சம்பளம் இடந்தராது. அவ்வேளையிற்றான் அயல் ஒழுங்கையில் தையல்வேலை செய்யும் அக்கா ஒருவர் தமது கால்மிதி இயந்திரத்தை விற்கப்போவதாகக் கேள்வியுற்றோம்.

பாவித்த இயந்திரத்தைப் பார்த்து வாங்குவதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதை எமக்குக் கற்பித்தவர் விற்பவரே என்பது வேடிக்கை. கைச்சில்லை நம் பக்கமாக மெல்லச் சுழற்ற வேண்டும். எங்கேனும் இறுகினால் உள்ளே துருவோ காய்ந்த எண்ணெயோ இருக்கின்றது. இரண்டு மடிப்புத் துணியில் தைத்து இருபுறமும் பார்க்க வேண்டும். அடியில் நூல் சுருண்டு சுருண்டு நின்றால் மேல்நூலின் இறுக்கமோ நூல் கோத்த முறையோ பிழை, அது திருத்தக்கூடியது. பொபின் கூடு தேய்ந்திருந்தாலும், படகு போன்ற நீண்ட கூடுடைய மிகப் பழைய வகையாயினும், உதிரிப்பாகம் தேடி அலைய நேரும். தோற்பட்டி அறுந்திருப்பது ஒரு குறையே அன்று. பழகாத கால் சில்லைப் பின்புறமாகச் சுழற்றி நூலை அறுத்துவிடும். பழகிய காலுக்கோ இயந்திரம் சொற்கேட்டு நடக்கும். 2022ஆம் ஆண்டு மின்சாரம் ஒரே நாளில் 13 மணிநேரம் துண்டிக்கப்பட்ட காலத்திலும் தம் இயந்திரம் நிற்கவில்லை என்றார்.

"பிறகேன் அக்கா விக்கிறியள்?"

"கிழமைக் கடன், ரீச்சர். வியாழக்கிழமை எண்டால் முற்றத்திலை வந்து நிண்டிடுவாங்கள்."

கடைகளில் தொங்கும் ஆயத்த ஆடைகள் அவருடைய வாடிக்கையாளரைக் கொண்டுபோயின. நுண்கடன் எஞ்சியதையும் கொண்டுபோகின்றது.

இயந்திரத்துக்கும் கூலிக்கும் உள்ள பகை இன்று நேற்றையதன்று. திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் 1830இல் தையல் இயந்திரமொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கொண்டு பாரிஸில் இராணுவச் சீருடை தைத்த தொழிற்கூடத்தை மறு ஆண்டே தையற்காரர்கள் புகுந்து நொறுக்கினர். 1850களில் அமெரிக்காவில் சிங்கர் நிறுவனம் தவணைமுறை விற்பனையைத் தொடங்கியது. 1877இல் கொழும்புக்கும் வந்தது. 1867இல் வெளிவந்த 'மூலதன'த்தின் முதற்பாகத்தில் மார்க்ஸ் இவ்வியந்திரத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கின்றார். அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்தவர்கள் இயந்திரங்களை வாரவாடகைக்கு விட்டதையும், அந்தப் போட்டியில் சொந்த இயந்திரம் வைத்திருந்த சிறு தொழிலாளர் நசுங்கியதையும் அவர் காட்டுகின்றார். கிழமைக் கணக்கு அன்றே தொடங்கிவிட்டது!

இங்கேதான் எமது நல்லெண்ணம் எம்மையே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்கு இன்று எஞ்சியிருக்கும் வேலை எது? தை மாதத்துப் பள்ளிச் சீருடைகள். அவருடைய இயந்திரத்தையே வாங்கி, மாதச் சம்பளம் பெறும் நாம் இலவசமாகத் தைக்கத் தொடங்கினால், பூச்சியக் கூலியோடு எந்தத் தொழிலாளி போட்டியிட முடியும்? ஆயத்த ஆடைக்காரராவது அவருக்குச் சில கழுத்துப்பட்டிகளையும் கிழிசல்களையும் விட்டுவைத்தார். தருமத்தின் பெயரால் நாம் அதையும் துடைத்துவிட்டிருப்போம்.

ஆசிரியர் அறையில் இதைப் பேசினோம். "உணர்ச்சிவசப்படுகிறீர்கள், நீங்கள் வாங்காவிடில் வேறொருவர் வாங்குவார்" என்றார் கணித ஆசிரியர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் இயந்திரத்துக்கெனச் சேர்த்த பணத்தோடு மேலும் இருவர் பணமும் சேர்ந்தது. அதைப் பதினொரு பிள்ளைகளின் சீருடைக்கு முற்கூலியாகக் கொடுத்தோம். "சும்மா காசு எனக்கு வேண்டாம், ரீச்சர்" என்று, சட்டை எத்தனை, காற்சட்டை எத்தனை என்பதைக் கொப்பியில் எழுதிய பின்னரே அக்கா அதை வாங்கினார். அளவுகளைச் சனிக்கிழமைக்குள் தரவேண்டுமென்று கட்டளையும் இட்டார்.

இத்தொகையால் அவர் கடன் தீர்ந்துவிடாது. இயந்திரத்துக்கு இன்னொருவர் விலை பேசிச் சென்றிருக்கின்றார். அவருக்குத் தைக்கும் தலைப்பாகம் வேண்டாம். இரும்புக் கால்கள் மட்டும் வேண்டும். உல்லாச விடுதிகளில் அவற்றின்மேல் பலகை பூட்டி மேசையாக்குகின்றார்களாம். அவர் சொன்ன விலை, நாம் கொடுக்க எண்ணியிருந்ததிலும் அதிகம்.

சனிக்கிழமைகளில் அக்காவின் திண்ணையில், அவருடைய இயந்திரத்திலேயே கூலி கொடுத்துப் பழகுகின்றோம். இன்னும் நூல் கோக்க அனுமதியில்லை. பழைய பத்திரிகைத் தாளில் வெறும் ஊசியால் நேர்கோடு ஓட்டுகின்றோம். மேசைக்காரர் அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.