தேய்க்காதே, வெட்டு

எம்.எஸ். எனும் மைல்டு ஸ்டீலைக் கடைந்து பழகிய கைக்கு முதன்முதலாக இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவை வந்தால், அந்தக் கை தானாகப் போய் ஃபீடை, அதாவது முனை முன்னேறும் அளவை, குறைக்கும். கடினமான மெட்டல், பார்த்துப் பதமாகப் போவோம் என்கிற நியாயம். கோவைப் பட்டறைகளில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வேகத்தைக் குறைப்பது சரி, எம்.எஸ்ஸில் நிமிடத்துக்கு 200 மீட்டர் ஓடுகிற கார்பைடு இன்சர்ட், இங்கே 30, 40 மீட்டர் தாண்டினாலே திணறும். ஃபீடில் கை வைத்தால்தான் வம்பு. முனை வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கும். தேய்ந்த இடம் இறுகிவிடும். அடுத்த கட் அந்த இறுகிய தோலில்தான் இறங்க வேண்டும். அதனால் வேலை பழக வரும் தம்பிகளிடம் முதலில் சொல்வது இதுதான்: “தேய்க்காதே, வெட்டு. பாதிக் கட்டில் ஃபீடை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்காதே.”

இன்சர்ட் பழுதாகும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நுனி நன்றாக இருக்கும். கட் ஆழம் முடிகிற கோட்டில் ஒரு வெட்டுப்பள்ளம் விழுந்திருக்கும். முந்தைய பாஸ் இறுக்கிவிட்டுப் போன மேல்தோல் உரசுவது அங்கேதான். பாஸுக்குப் பாஸ் ஆழத்தைச் சற்று மாற்றிக் கொடுத்தால் உரசலும் இடம் மாறும், முனையும் கூடுதல் நேரம் உழைக்கும். செலவில்லாத வைத்தியம். ஆனாலும் புரோகிராம் போடுகிறவர்கள் ஏனோ சோம்பல்படுகிறார்கள்.

டைட்டானியத்தின் சேட்டை வேறு. கிரேடு 5 டைட்டானியம் வெப்பத்தைக் கடத்துவது, சாதாரண எஃகு கடத்துவதில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான். எஃகில் பெரும்பாலும் சுருளோடு வெளியேறிவிடும் சூடு இங்கே முனையில் தங்கிவிடுகிறது. கூலன்ட் சரியாக முனையில் பாய வேண்டும். விறைப்பும் எஃகில் பாதிதான். மெல்லிய சுவராக இருந்தால் டூல் வரும்போது ஒதுங்கும், போனதும் திரும்பி நிற்கும். மைக்ரோமீட்டரில் அளவு கூடுதலாகக் காட்டும். பொடிச் சுருள் தீப்பிடித்தால் தண்ணீரை அடிக்கவே கூடாது.

வேலை கொடுத்த பார்ட்டி பீஸைக் கையில் எடுத்ததும் பார்ப்பது பளபளப்பை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. மழுங்கிய முனையும் தேய்த்துத் தேய்த்து மினுக்கிக் கொடுத்துவிடும், அடியில் நேர்ந்த சேதம் கண்ணுக்குத் தெரியாது. 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில், புறப்பட ஓடிக்கொண்டிருந்த எம்.டி.-88 விமானத்தின் இடது இன்ஜினில் டைட்டானிய ஹப் உடைந்தது. துண்டுகள் கேபினுக்குள் பாய்ந்து இருவர் இறந்தார்கள். ஹப்பில் ஒரு துளை போட்டபோதே அந்த இடத்தில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறிவிட்டது, விரிசல் அங்கிருந்துதான் வளர்ந்தது என்று விசாரணை கண்டறிந்தது. தயாரிப்பின்போது செய்த பரிசோதனையில் அது சிக்கவில்லை. துளை போடுவதை எடுபிடி வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆகவே ஃபினிஷிங் கட்டுக்குப் புது முனை. ரஃப்பிங்கில் ஓடிய முனை கண்ணுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி. பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்சர்ட் செலவை மாதக் கடைசியில் ஆபரேட்டர் தலையில் கட்டாதீர்கள். கட்டினால், தேய்ந்த முனையில் இன்னும் ஒரு பீஸ் எடுக்கத்தான் அவர் பழகுவார்.