கதவு இருக்கட்டும்

இங்கிலாந்தில் வீட்டின் கோடிப்புறத்தோடு ஒட்டிக் கட்டும் கண்ணாடி அறையைக் கொன்சவேற்றரி என்பார்கள். ஹரோ பக்கம் எங்கள் ஆட்கள் அதை வைத்துச் செய்யும் காரியங்கள் பல: அரிசி மூட்டை அடுக்குவது, மிளகாய் காயப்போடுவது, விருந்து நாளில் ஆண்கள் போத்தலோடு இருப்பது. எனக்கு அது தையல் மெசின் வைக்கத் தேவைப்பட்டது. பதினொரு வருடம் குசினி மேசையில் சாறி பிளவுஸ் தைத்தேன். சமைக்கும் நேரம் துணியைச் சுருட்டவேண்டும், எல்லோரும் சாப்பிட்டு எழும்பியபின் திரும்ப விரிக்கவேண்டும். பிறத்தியாருடைய பட்டில் குழம்பு தெறிக்காமல் காப்பது தனி வேலை.

சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. வீட்டு உறுதியில் கணவரின் பெயரோடு என் பெயரும் இருக்கிறது. விலை கேட்க நானே தொலைபேசி எடுத்தேன். "அந்த நேரம் உங்கள் கணவரும் வீட்டில் இருப்பாரா?" என்பதுதான் எல்லா நிறுவனங்களும் கேட்ட முதல் கேள்வி. அறை எவ்வளவு பெரிது என்று அதற்குப் பிறகே கேட்டார்கள்.

குடும்பத்தின்மேல் உள்ள மரியாதையில் கேட்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். வீடு தேடி வந்து விற்கும் தொழிலில், தம்பதியரில் ஒருவர் மட்டும் இருக்கும் சந்திப்புக்கு 'வன் லெக்கர்' என்று பெயர்; ஒற்றைக்கால். மற்றவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாடிக்கையாளர் தப்பிவிடலாம், அதனால் அப்படியான வீட்டுக்கு ஆள் அனுப்பவே தயங்குவார்கள். பிரித்தானியாவில் 1975இல் பால்வேறுபாட்டுக்கு எதிரான சட்டம் வரும்வரை, வீட்டுக்கடன் கேட்ட பெண்ணிடம் தகப்பனையோ கணவனையோ பிணைக்குக் கூட்டிவரச் சொல்வது சாதாரணம். அந்தக் கேள்வியின் பேரப்பிள்ளைதான் எனக்குத் தொலைபேசியில் வந்தது.

கணவருக்கு இரவு வேலை, நான் தனியாகத்தான் இருப்பேன் என்றேன். அப்படியும் ஒருவர் வந்தார். இரண்டரை மணிநேரம் இருந்தார். முதல் விலை 24,000 பவுண்ஸ். கட்டியபின் விளம்பரத்துக்குப் படம் எடுக்க விட்டால் 20,000. வெளியே போய் மனேஜரோடு பேசிவிட்டு வந்து 17,500, ஆனால் இன்றிரவே கையெழுத்து வைக்கவேண்டும். ஒரு தேத்தண்ணி ஆறமுதல் 6,500 பவுண்ஸ் குறைகிறது என்றால் அந்த 24,000 என்றைக்குமே விலையாக இருந்ததில்லை. எதெல்லாம் இதற்குள் அடக்கம் என்று தாளில் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். தரவில்லை. இரண்டு நாளில் அதே 17,500க்குத் திரும்ப அழைப்பு வந்தது.

பிறகு வேறு மூவரிடம் எழுத்தில் விலை வாங்கி ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். ஒன்றில் 20 வீத வற் சேர்க்கப்படவில்லை. ஒன்றில் அத்திவாரம் இருந்தது, தோண்டிய மண்ணை ஏற்றும் செலவு இல்லை. எங்கள் கோடியில் உள்ள மான்ஹோலைப் பற்றி இரண்டு பேர் மூச்சே விடவில்லை. 2011 ஒக்டோபரிலிருந்து, பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுக் குழாய்கள் தண்ணீர்க் கம்பனிக்குரியவை. அதன்மேலோ 3 மீற்றருக்குள்ளோ கட்டுவதென்றால் அவர்களின் அனுமதி வேண்டும். மேலோட்டமாகக் கூடின விலை சொன்னவர்தான் இதையெல்லாம் எழுதியிருந்தார். கூட்டிப் பார்த்தபோது மலிவும் அவர்தான்.

முற்பணத்தை கிரெடிற் கார்ட்டில் கட்டினேன். 100 பவுண்ஸுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியைக் கார்ட்டில் கட்டினாலே, நிறுவனம் கைவிட்டால் கார்ட் கம்பனியும் பொறுப்பு. 1974ஆம் ஆண்டின் கடன் சட்டம், 75ஆம் பிரிவு. வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் கைவிடலாம் என்பதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. உங்கள் அளவுக்கென்றே செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது, நிறுவனங்களும் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

"கொன்சவேற்றரிக்குப் பிளானிங் தேவையில்லை" என்று வந்த எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. சுவர் ஒட்டிய வீட்டில் பின்பக்கம் 3 மீற்றர்வரை, தனி வீட்டில் 4 மீற்றர்வரை பொதுவாக விண்ணப்பமின்றிக் கட்டலாம். பிளற்றுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அளப்பது எங்கிருந்து என்பதில்தான் சிக்கல். முதலில் கட்டப்பட்ட வீட்டின் பின்சுவரிலிருந்து அளக்கவேண்டும். பழைய வீடென்றால் 1948 ஜூலை 1இல் நின்ற சுவர். எங்களுக்கு முன்னிருந்தவர்கள் குசினியை ஒன்றரை மீற்றர் நீட்டியிருந்தார்கள். நான் கேட்ட இரண்டரையோடு 4 ஆகிறது. நாடாவோடு வந்த ஒருவரும் அதைச் சொல்லவில்லை, நான்தான் உறுதியோடு இருந்த பழைய வரைபடத்தில் பார்த்தேன். தவறாகக் கட்டினால் இடிக்கச் சொல்லும் கடிதம் வீட்டுக்காரருக்குத்தான் வரும், விற்றவருக்கு அல்ல. முன்பு நான்கு வருடம் கடந்தால் கவுன்சில் அதில் கை வைக்கமுடியாது. 2024 ஏப்ரலிலிருந்து அது பத்து வருடம்.

6 மீற்றர்வரை கட்ட இன்னொரு வழி உண்டு. வேலை தொடங்கமுதல் கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். அவர்கள் அயலாருக்கு எழுதி 21 நாள் அவகாசம் கொடுப்பார்கள், 42 நாளுக்குள் முடிவு சொல்வார்கள். கடிதம் போகமுன் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு ஒரேயொரு கவலை, பின்னேர வெயில். தேத்தண்ணி குடித்தபடி கூரை உயரத்தைக் கொஞ்சம் குறைத்தோம். ஆட்சேபம் வரவில்லை.

கடைசிச் சண்டை வீட்டுக்குள். குசினிக்கும் புது அறைக்கும் இடையிலுள்ள கதவைக் கழற்றிவிட்டால் ஆட்கள் வரும்போது தாராளமாக இருக்கும் என்றார் கணவர். அவருடைய சிநேகிதர்களும் அதையே சொன்னார்கள். கதவில்லாவிட்டால் அது குசினியின் நீட்சி. அரிசி மூட்டை முதலில் வரும், போத்தல் பிறகு வரும், என் மெசின் மூலைக்குப் போகும். கட்டட விதி என் பக்கம் நின்றது. தரைமட்டத்தில் 30 சதுர மீற்றருக்குள் இருக்கும் கண்ணாடி அறைக்குப் பொதுவாக அந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வீட்டிலிருந்து அதைப் பிரிக்கும் வெளிக்கதவு இருக்கவேண்டும். உள்ளே வைக்கும் ஹீற்றரும் தனியாக இயங்கவேண்டும்.

மாசி மாதத்தில் உள்ளே கால் விறைக்கிறது, ஆடியில் வேர்க்கிறது, ஆனால் ஊசிக்கு நூல் கோர்க்க லைற் தேவையில்லை. விருந்துக்கு வரும் யாராவது இன்னமும் கேட்பதுண்டு: "ஏன் அக்கா, இந்தக் கதவைக் கழட்டினால் வீடு பெரிசாய் இருக்குமே?"

"கவுன்சில் விடாது தம்பி" என்கிறேன். கட்டணம் கட்டி, பரிசோதகரைக் கூப்பிட்டு, குளிர் புகாதபடி எல்லாம் மாற்றினால் கழற்றலாம் என்ற மீதி வரியை நான் சொல்வதில்லை.