ரகுவோட அம்மா செத்த இடம்

"அண்ணே, குழந்தைங்களோட உக்காந்து பாக்கற மாதிரி நல்ல டாகுமெண்டரி ஏதாவது சொல்லுங்க"ன்னு சிட்டியில இருக்கிற தம்பிங்க அப்பப்ப கேக்கறாங்க. மாசாமாசம் புதுசு புதுசா வருது. எல்லாத்தையும் பாக்க எனக்கு நேரம் ஏது? ராகிக் காவலுக்குப் போற ராத்திரியில தூங்கிடக் கூடாதுன்னு போன்ல பாத்ததுதான் அதிகம். அதுல ரெண்டு படத்தைப் பத்திச் சொல்றேன். ரெண்டுமே கொஞ்சம் பழசுதான். ஆனா காட்டை ஒட்டி நிலம் வச்சிருக்கிறவனுக்கு அதெல்லாம் வேற மாதிரி தெரியும்.

முதல் படம் 'ஹனிலேண்ட்'. 2019ல வந்தது. வடக்கு மாசிடோனியான்னு ஒரு நாடு, அங்க மலைக்கிராமத்துல ஹாதிஜேன்னு ஒரு அம்மா. வயசான தாயாரைப் பாத்துக்கிட்டு, பாறை இடுக்குல தேன் எடுத்துப் பொழைக்கிறாங்க. அவங்களுக்கு ஒரே சட்டம். அடையில பாதி தேன் தனக்கு, பாதி தேனீக்கு. பக்கத்துல மாடு கன்னோட ஒரு குடும்பம் வந்து சேருது. அவங்களும் தேன் வளர்க்கறாங்க. வியாபாரி அவசரப்படுத்தினதும் மொத்தத்தையும் வழிச்சு வித்துடறாங்க. பசியான தேனீங்க ஹாதிஜேயோட கூட்டைத் தாக்கி அழிச்சிடுது. அந்தக் குடும்பத்தையும் முழுசாத் திட்ட மனசு வரல. அத்தனை புள்ளைங்க, அத்தனை வாய்.

அந்தப் பாதிப் பாதி கணக்கு எனக்கு ரொம்பப் புடிச்சது. ஆனா தேனீகிட்ட செல்லுபடியாகிற கணக்கு யானைகிட்ட ஆகாது. அங்கதான் ரெண்டாவது படம் வருது.

'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்'. நெட்பிளிக்ஸ்ல 2022 டிசம்பர்ல வந்தது. ஊட்டியில வளந்த கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்தது. 2023 மார்ச்சுல ஆஸ்கர் வாங்குச்சு. சுமார் 40 நிமிஷம்தான், பேசறதும் தமிழ்தான். முதுமலை தெப்பக்காடு முகாம்ல பொம்மன், பெள்ளி ரெண்டு பேரும் ரகுன்னு ஒரு குட்டியானையைப் புள்ளை மாதிரி வளக்கறாங்க. பெள்ளியம்மா தன் மகளைப் பறிகொடுத்தவங்க, முதல் வீட்டுக்காரரைப் புலி அடிச்சிருக்கு. அப்படிப்பட்டவங்க மடியில ஒரு யானைக்குட்டி வந்து விழுது. பால் குடுக்கறது, குளிப்பாட்டறது, அது அடம் புடிக்கறது, எல்லாம் பாக்கப் பாக்க நல்லா இருக்கும். ரகு வளந்ததும் வேற பாகன்கிட்ட கொண்டு போயிடறாங்க. அந்த இடத்துல எங்க வீட்டம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா.

எல்லாரும் பேசறது அந்தப் பாசத்தைப் பத்தித்தான். படம் ஆரம்பத்துல ஒரே வரியில சொல்லிட்டுப் போற ஒண்ணு இருக்கு. ரகுவோட அம்மா கரண்டு அடிச்சுச் செத்துருச்சு. குட்டி கிடைச்சது எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல. அந்தக் கதை தெப்பக்காட்டுல ஆரம்பிக்கல, எங்களை மாதிரி ஒருத்தன் கொல்லைப் பக்கம் ஆரம்பிச்சது.

எங்க பக்கம் ஆடி மழைக்கு விதைச்ச ராகி, கார்த்திகை மார்கழியில கதிர் முத்தும். சரியா அந்த நேரத்துலதான் பன்னேர்கட்டா காட்டுல இருந்து கூட்டங்கூட்டமா யானை ஜவளகிரி, தளி, சானமாவுன்னு இறங்கும். பரண் மேல டார்ச்சு, தகரம், பட்டாசோட உக்காந்திருப்போம். ஒரு யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல தின்னும். திங்கறதைக் கூடப் பொறுத்துக்கலாம், மிதிக்கறதுதான் தாங்காது. நாலு மாசப் பாடு ஒரு மணி நேரத்துல தரையோட தரை. நஷ்டஈடு உண்டு. எழுதிக் குடுக்கணும், வந்து பாக்கணும், அளக்கணும், அப்புறம் காத்திருக்கணும். அதுக்குள்ள கடன்காரன் வந்துடுவான்.

வேலின்னா ரெண்டு விதம் இருக்கு. சோலார் வேலியில பேட்டரியில இருந்து ஒரு கருவி வழியா, விட்டு விட்டு ஒரு துளி நேரத்துக்குத்தான் கரண்டு போகும். சுரீர்னு அடிக்கும், யானை பின்வாங்கும், சாகாது. ஆனா அதுக்குக் காசு வேணும். செடி கொடி கம்பியில படாம வெட்டிக்கிட்டே இருக்கணும். யானையும் லேசுப்பட்டது இல்ல, தந்தத்தால கம்பியை இழுக்கும், மரத்தைச் சாய்ச்சுப் போடும்.

இன்னொரு விதம், மோட்டார் ரூம்ல இருந்து நேரா கம்பிக்கு லைன் இழுக்கறது. அது நிக்காத கரண்டு, தொட்டதை விடாது. காட்டுப்பன்னிக்குன்னு சொல்லித்தான் போடுவாங்க. பன்னி மட்டுமா வரும்? யானை வரும், மாடு வரும், விடியக்காலையில தண்ணி கட்டப் போற பக்கத்துக் கொல்லைக்காரனும் வருவான். அது குத்தம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. என் கொல்லையில நான் அதைப் போட்டதில்ல, போடவும் மாட்டேன். ஆனா மூணாவது வருஷமும் கதிரைப் பறிகொடுத்தவன் அந்த ஒயரைக் கையில எடுக்கறப்போ அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

ஆஸ்கர் குடுத்ததுக்கு ஒரு வாரம் முன்னாடி, 2023 மார்ச் 7ந்தேதி, தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் ஒரு நிலத்து மின்வேலியில மூணு யானை செத்துச்சு. கூட வந்த ரெண்டு குட்டி தப்பிச்சு நின்னுச்சு. அதே மாசம் அதே மாவட்டத்துல கிணத்துல விழுந்த இன்னொரு குட்டியை மீட்டு, கடைசியில தெப்பக்காட்டுக்கு, பொம்மன் பெள்ளிகிட்டதான் கொண்டு போனாங்க. மாசக் கடைசியில அது செத்துப் போச்சு. உலகமே கைதட்டுன அதே மாசம் இதெல்லாம் நடந்துச்சு. அந்த வருஷமே மின்வேலியைப் பதிவு பண்ணணும்னு அரசு விதி கொண்டு வந்துச்சு. நல்ல விதிதான். ஆனா ஒரு ஏக்கர் ராகிக்காரனுக்குச் சோலார் வேலி போடற காசு அந்த விதியில வராதே.

தம்பிங்களா, படத்தைக் கட்டாயம் பாருங்க, குழந்தைங்களுக்கும் காட்டுங்க. "ரகுவோட அம்மா எப்படிச் செத்துச்சு?"ன்னு அதுங்க கேட்டா, கெட்டவன் ஒருத்தன் கொன்னுட்டான்னு சொல்லி முடிச்சுடாதீங்க. யானை எதுக்கு ராகிக்கு வந்துச்சு, அந்த ராகியை நம்பி இருந்தது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க. முடிஞ்சா மார்கழியில ஒரு ராத்திரி எங்க பரணுக்கு வாங்க. கம்பளி மட்டும் கொண்டு வந்துடுங்க, குளிர் அதிகம்.