அப்பாவின் பன்னிரண்டு மணி

அரைப்பரீட்சை லீவில் நாமக்கல்லிலிருந்து அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஜெய்ப்பூர் போயிருந்தோம். அரண்மனை, கோட்டை எதிலும் மனசு ஒட்டாத அப்பா, ஜந்தர் மந்தரை விட்டு மட்டும் நகரவே மறுத்துவிட்டார்.

இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னர் 1734-ல் கட்டி முடித்த வானியல் கூடம் இது. இங்குள்ள 27 மீட்டர் உயரச் சாய்சுவர்தான் சாம்ராட் யந்திரம்; உலகின் மிகப் பெரிய கல் சூரியக் கடிகாரம். பக்கத்து வளைவில் சுவரின் நிழல் நிமிடத்துக்கு நாலு விரற்கடை நகர்கிறது. உற்றுப் பார்த்தால் கண்ணெதிரே ஊர்கிறது! சுவரின் சாய்வு 27 டிகிரி, அதாவது ஜெய்ப்பூரின் அட்சரேகை. நாமக்கல்லில் கட்டினால் 11 டிகிரிதான். நம் மலைக்கோட்டைப் படிகளே அதைவிடச் செங்குத்து.

நிழல் காட்டிய நேரம் என் வாட்சைவிட ஏறக்குறைய 27 நிமிடம் பின்தங்கியிருந்தது. கல்லில் தப்பில்லை. வாட்ச் காட்டுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அதற்கு மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் சூரியன் 4 நிமிடம் தாமதம். நாமக்கல்லுக்குக் கணக்குப் போட்டேன்: சராசரியாக 17 நிமிடம்.

காட்டில் காலடி நிழலைப் பார்த்து, “உச்சியாச்சு, மணி பன்னெண்டு” என்பார் அப்பா. “பன்னெண்டே கால் தாண்டிருச்சுங்க” என்று கடிகாரத்தைக் காட்டிச் சிரிப்பார் அம்மா. எத்தனையோ வருஷத்துக் கேலி அது.

அப்பா அங்கேயே நின்று வீட்டுக்கு போன் போட்டார். “இந்தா புள்ள, நான் சொன்ன மணி தப்பில்லையாமா!”