அவையளுக்கு என்ன குறை எண்டு கேக்கிற எங்கட ஆக்களுக்கு

"நாங்கள் வெறுங்கையோட வந்து வீடு வாங்கேல்லையோ? இந்தக் கறுவலுகளுக்கு என்ன குறை?" ஸ்காபுரோவில ஒரு பிறந்தநாள் விழாவில ஆரோ சொல்லத் திரும்பவும் கேட்டன். மனம் கொதிச்சது.

அவையள் கனடாவுக்கு வந்த கதை தெரியுமோ? 1955இல தொடங்கின வீட்டுப் பணிப்பெண் திட்டத்தில ஜமெய்க்கா, பார்படோஸ் பெண்கள் தனியத்தான் வந்தவை. கலியாணம் கட்டியிருக்கக் கூடாது, பிள்ளையள் இருக்கக் கூடாது எண்டது நிபந்தனை. சிலபேர் பிள்ளையை ஊரில அம்மம்மாவிட்ட விட்டிட்டு, அதை மறைச்சு வந்து ஆற்றையோ பிள்ளையைக் குளிப்பாட்டினவை.

83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையில இருந்து வந்த எங்களுக்கு அகதி அந்தஸ்து கிடைச்சது, குடும்பத்தைக் கூப்பிட முடிஞ்சது. ஒரு பேஸ்மென்றில ரெண்டு மூண்டு குடும்பம் இருந்து, இரவு வேலை செய்து, சீட்டுக் கட்டித்தான் வீட்டுக்கு முற்பணம் சேர்த்தனாங்கள். ஜமெய்க்கரும் சீட்டுக் கட்டினவைதான், அவையின்ரை பேச்சில அது 'பார்ட்னர்'. ஆனா வாடகைக்குப் போனாலே கதவைச் சாத்தின காலம் அவையின்ரை. ரொறன்ரோ எக்ளின்டன் மேற்கில அவையள் வளர்த்த கடைத்தெருவும், 2011இல தொடங்கின ரயில்பாதை வேலையால வருசக்கணக்கா முடங்கினது. எத்தினை சலூன் பூட்டுப்பட்டது!

அவையள் சும்மா இருக்கவுமில்லை. 1954இல கறுப்பின மக்களின்ரை உரிமைக்காகப் போராடின டொனால்ட் மூர் ஒரு குழுவோட ஒட்டாவாவுக்குப் போய், குடிவரவில இருந்த நிறபேதத்தை மந்திரிக்கு முன்னால நேர கேட்டவர். நாங்கள் அதுக்குக் கனகாலம் பிறகு வந்தனாங்கள்.