மண்ணெண்ணெய் குடித்த கார்

2002 இல் ஏ9 வீதி திறந்ததும், புளியங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு பழைய மொறிஸ் மைனர் காரில் போனேன்.

1990 களின் பொருளாதாரத் தடையால் வன்னியில் பெற்றோல் அரிதாயிற்று. பழைய பிரித்தானியக் கார்களின் என்ஜினில் அமுக்கம் குறைவு. அதனால் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடின. புகை அதிகம், என்ஜின் ஒயிலும் விரைவில் கெடும்.

“பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களை இதில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், மௌலவி” என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார் சாரதி. குண்டும் குழியுமான வீதியிலும் அவர் உற்சாகமாகவே ஓட்டினார்.

வீட்டுக்குப் பழைய கார் வாங்கும்போது மினுக்கத்தில் மயங்காதீர்கள். செலவு கட்டுப்படியாகுமா, நம்மூர்க் கராஜில் திருத்தலாமா, ஆபத்தில் கைகொடுக்குமா என்றே பாருங்கள்.