பொள்ளாச்சி டு பெருமாள்மலை... ஒரு சாக்லெட் ரூட்!

உங்க பேட்ச்ல பர்த்டே கேக் வெட்டும்போது கை மட்டும் தட்டிட்டு ஓரமா நிற்கிற ஃப்ரெண்ட் யாராவது இருக்காங்களா? ஒண்ணு, பால் ஒத்துக்காத வயிறா இருக்கும். இல்லைன்னா பால், நெய், முட்டை, தேன்னு எதையுமே தொடாத 'வீகன்' பார்ட்டியா இருக்கும். 'ஐயோ பாவம், சாக்லெட் இல்லாத வாழ்க்கையா!'ன்னு உச்சு கொட்டாதீங்க. நாக்குல வெச்சதும் வழுக்கிட்டு உருகுற கெட்டியான சாக்லெட் இனிப்பை ஒரு சொட்டுப் பால் இல்லாம செய்யலாம். அதுக்கான சரக்கு எல்லாமே ஒரே பஸ் ரூட்ல கிடைக்குது. சனி, ஞாயிறு ஃப்ரீயா? பையைத் தூக்குங்க!

ஸ்டாப் 1: பொள்ளாச்சி

கோவை உக்கடத்துல பஸ் ஏறினா சுமார் 40 கிலோ மீட்டர். ஊர் நெருங்க நெருங்க ரெண்டு பக்கமும் தென்னை. சினிமாவுல பார்த்துப் பழகின அதே பச்சை. ஆனா ஆனைமலை பக்கம் போற ரோட்டுல பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. தென்னைக்கு நடுவுல குட்டை குட்டையா இன்னொரு மரம் நிற்கும். அதோட அடிமரத்துலயே பப்பாளி சைஸ்ல காய் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் கோகோ. சாக்லெட்டுக்குத் தாய்!

கோகோவுக்கு முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. தென்னங்கீத்து சல்லடை மாதிரி வெயிலை வடிகட்டி அனுப்புது. அதான் ரெண்டுக்கும் அப்படி ஒரு ஜோடிப் பொருத்தம். பழுத்த காயை உடைச்சா உள்ளே சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை, அதுக்குள்ளே முப்பது நாற்பது விதைகள். சதையைச் சப்பினா புளிப்பும் இனிப்புமா இருக்கும், சாக்லெட் வாசனையே வராது. விதையைச் சதையோட குவிச்சு, அஞ்சாறு நாள் மூடி வெச்சுப் புளிக்க விட்டு, வெயில்ல காயப்போட்டு, வறுத்த பிறகுதான் அந்த வாசனை பிறக்கும். காய்ஞ்ச விதை ஒண்ணு ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் விதை வேணும்!

தோப்புக்காரர்கிட்டே பேச்சுக் கொடுத்தா இனிப்பு மட்டும் வராது. காயில பாதியை அணிலும் எலியும் ருசி பார்த்துடும்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். அடுத்து விலைக்கு வருவார். மேற்கு ஆப்பிரிக்காவுல விளைச்சல் சரிஞ்சதால, 2024 டிசம்பர்ல நியூயார்க் சந்தையில ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தாண்டிச்சு. 2025-ல அதே வேகத்துல இறங்கிச்சு. எங்கேயோ பெய்யற மழைக்கு இங்கே ஒருத்தர் பாக்கெட் நனையுது, காயுது. இன்னொரு பக்கம், தென்னையில வேர் வாடல் நோய் வந்து மரத்தையே வெட்டிச் சாய்ச்ச தோப்புகளும் இந்த வட்டாரத்துல உண்டு. ஒரே பயிரை நம்பி உட்கார முடியாதுங்கிறவங்களுக்கு, ஊடுபயிரா நிற்கிற கோகோ ஒரு கைத்தாங்கல்.

இங்கே வாங்க வேண்டியது: இனிப்பு சேர்க்காத கோகோ பவுடர், முத்தின தேங்காய் ஒண்ணு.

ஸ்டாப் 2: பழனி

உடுமலை வழியா பழனி. மலைக்குப் போயிட்டு வந்து பஞ்சாமிர்தத்தை ஒரு கை பாருங்க. பாட்டி காலத்து ஐட்டம்னு நினைச்சா, இதுலதான் நம்ம ரெசிப்பியோட சூட்சுமமே இருக்கு. பழத்தைப் பிசைஞ்சு, வெல்லம் சேர்த்து, அடுப்புல ஏத்தாமலே கெட்டியான இனிப்பு! நெய்யும் தேனும் இருக்கிறதால இது வீகன் கிடையாது. ஆனா ஐடியாவைச் சுட்டுக்கலாம்ல?

கடைத்தெருவுல கருப்பட்டி கேளுங்க. நல்ல பனங்கருப்பட்டியில லேசா ஒரு புகை வாசம் இருக்கும். அந்த வாசமும் கோகோவோட கசப்பும் கூட்டுச் சேர்ந்தா... ஆஹா!

ஸ்டாப் 3: பெருமாள்மலை

பழனியில இருந்து கொடைக்கானல் போற மலைப்பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறி, பெருமாள்மலையில வத்தலகுண்டு ரோட்டோட சேரும். கொடைக்கானலுக்கு சொந்த வண்டியில போறவங்க இ-பாஸ் எடுக்கணும்கிற நடைமுறை 2024 மே மாசம் வந்தது. அரசு பஸ்ல போனா அந்தத் தலைவலி இல்லை.

சீஸன்ல ரோட்டோரக் கடையில பச்சையா, பேரிக்காய் மாதிரி குவிச்சு வெச்சிருப்பாங்களே... அதான் நம்ம ஹீரோ, பட்டர் ஃப்ரூட். இந்தக் கீழ்ப்பழனி மலையில காபித் தோட்டங்களுக்கு நடுவுல விளையுது. தடியன்குடிசையில இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி-1'னு இதுக்குத் தனி ரகமே வெளியிட்டிருக்கு. இது மரத்துல இருக்கிற வரைக்கும் பழுக்காது. பறிச்ச பிறகுதான் பழுக்கும். காயா வாங்கிட்டு வந்து அரிசி டப்பாவுல புதைச்சு வைங்க. காம்பு பக்கம் அழுத்தினா லேசா அமுங்கணும், அதான் பதம்.

'சாக்லெட்ல போய் இதையா?'ன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. விஷயம் இருக்கு. கோகோ விதையில ஏறக்குறைய பாதி கொழுப்பு. 1828-ல ஹாலந்துல வான் ஹூட்டன் அதைப் பிழிஞ்செடுக்க வழி கண்டுபிடிச்சதாலதான் நமக்கு பவுடர் கிடைச்சது. அப்படிப் பிழிஞ்சு எடுத்த வழுவழுப்பைத்தான் பட்டர் ஃப்ரூட்டும் தேங்காய்ப் பாலும் திருப்பிக் கொடுக்குது. இன்னொரு சமாசாரம். மெக்சிகோ பக்கத்து ஆதிக்குடிகள் பல நூறு வருஷம் கோகோவைத் தண்ணியில கலக்கி, மிளகாய் போட்டுத்தான் குடிச்சாங்க. சுவிட்சர்லாந்துல டேனியல் பீட்டர் மில்க் சாக்லெட் செஞ்சது 1875-ல. ஆக, சாக்லெட் வீட்டுக்குப் பால்தான் புதுசா வந்த விருந்தாளி!

இனி கச்சேரி ஆரம்பம்... (4 பேருக்கு)

நல்லாப் பழுத்த பெரிய பட்டர் ஃப்ரூட் ஒண்ணு (சதை மட்டும் 200 கிராம்), கோகோ பவுடர் 40 கிராம், கருப்பட்டி 100 கிராம், கெட்டியான முதல் தேங்காய்ப் பால் அரை டம்ளர், உப்பு ஒரு சிட்டிகை, மிளகாய்த் தூள் அரைச் சிட்டிகை.

கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணியில கரையுற வரைக்கும் சூடாக்கி, கட்டாயம் வடிகட்டுங்க. மண் இருக்கும், அப்புறம் சாக்லெட் நறநறன்னு கடிபடும். ஆறினதும் எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு, கட்டி தட்டாம, வெண்ணெய் மாதிரி ஆகுற வரைக்கும் அரைங்க. சின்னக் கிண்ணங்கள்ல ஊத்தி ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. பட்டர் ஃப்ரூட் வாசனையைக் கோகோ அமுக்கிடும். பழம் கறுத்தாலும் இந்தக் கலர்ல யாருக்கும் தெரியாது. மிளகாய் ஒரைக்காது, கடைசியில தொண்டையில லேசா ஒரு ஹாய் சொல்லும், அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல மிக்ஸி இல்லையா? டே ஸ்காலர் ஃப்ரெண்டோட அம்மாவை ஐஸ் வைங்க!

பவுடருக்குப் பதிலா டார்க் சாக்லெட் வாங்கறதா இருந்தா, அட்டையைத் திருப்பிப் படிங்க. 'டார்க்'னு போட்ட சிலதுலயும் பால் பொருள் இருக்கும். வீகன் ஃப்ரெண்டுக்கு அது கொள்கை விஷயம், ஒத்துக்காதவங்களுக்கு வயித்து விஷயம். அப்படியே கோகோ எந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னும் பாருங்க. ஆனைமலைத் தோப்புக் காயை வெச்சு சாக்லெட் செய்யறவங்க இப்போ பொள்ளாச்சியிலேயே இருக்காங்க. நீங்க கொடுக்கிற காசு போய்ச் சேர வேண்டிய தூரம் குறையும்.

அடுத்த பர்த்டேக்கு முதல் கிண்ணத்தை யார் கையில கொடுக்கணும்னு உங்களுக்கே தெரியும். என்ன கலந்தீங்கங்கிறதை மட்டும் காலி பண்ணின பிறகு சொல்லுங்க!